கழற மறுத்த ஃப்ரீவீல்

சைக்கிளை வாங்கியது எனக்காகத்தான். ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது, உடம்பை அசைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், ஏழு கியர் வைத்த சைக்கிள் ஒன்றை ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். பதினொரு நாள் ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள் மழை. அதற்குப் பிறகு அதன்மேல் துண்டு காயப்போட்டோம்.

ஒரு காலையில் என் மனைவி துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு சைக்கிளைக் கீழே இறக்கினாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பில் அவளுக்கு வேலை. “ஷேர் ஆட்டோல இடிபடறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்” என்றாள். ஒரு வாரம் தாங்காது என்றேன் நான். மனசுக்குள் சொல்லியிருந்தால் பரவாயில்லை, வாய்விட்டே சொன்னேன். அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது, அவள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் காலனியில் சைக்கிள் ஓட்டும் பெண்கள் இன்னும் நான்கு பேர் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்றத்தூர் முருகன் கோயில்வரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது என் மனைவியின் யோசனை. பல்லாவரம், அனகாபுத்தூர் என்று வழி போட்டவளும் அவள்தான். முதல் முறை மழையால் தள்ளிப்போயிற்று. இரண்டாம் முறை எனக்குக் காய்ச்சல் வந்து, அவள் வரமுடியாது என்றதும் மற்றவர்களும் தள்ளிப்போட்டார்கள். மூன்றாம் முறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம், பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி உடைந்து, சக்கரம் கோணிக்கொள்ள, அவள் சைக்கிளைத் தள்ளியபடி வந்தாள். “இந்தத் தடவையும் போகலன்னா இனிமே யாரும் என்னைக் கூப்பிடமாட்டாங்க” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சாப்பிடும்போது அப்பளத்தைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் மார்க்கெட் பக்கத்து சைக்கிள் கடைக்குப் போனேன். மெக்கானிக் லீவு, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. ஒரு கம்பி மாற்ற மூன்று நாளா? கம்பியைக் கொடுங்கள், நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். கடைக்காரர் சிரித்தபடி, உடைந்தது செயின் பக்கத்துக் கம்பி, அதை நுழைக்கும் ஓட்டை பல்சக்கரக் கொத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, முதலில் அந்த ஃப்ரீவீலைக் கழற்றவேண்டும் என்றார். அதற்கான டூலையும் வாங்கிக்கொண்டேன். கட்டைவிரல் கனத்தில், ஒரு முனையில் பல்வைத்த இரும்பு. வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றி, அது ஃப்ரீவீலுக்குள்ளே பொருந்தி உட்கார்ந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்வி வந்தது. நான் கணக்கு வாத்தியார். வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்வதெல்லாம் எனக்குக் கௌரவக் குறைவு. சைக்கிளின் இடது பெடலுக்கு மரை தலைகீழாக இருக்கும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே சைக்கிள் ரகசியம், அதைப் பலபேரிடம் சொல்லிப் பீற்றியும் இருக்கிறேன். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் அம்புக்குறிகள் போட்டு, இதற்கும் மரை தலைகீழ்தான் என்று நிரூபித்தேன். பிறகு ஸ்பேனரில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி, சக்கரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, வலப்பக்கமாகத் தொங்கினேன். அரைமணி நேரம் தொங்கினேன். உள்ளங்கை கன்றிப்போனதுதான் மிச்சம்.

“என்னங்க, யாரையாவது கேக்கலாமே” என்றாள் மனைவி. தெரியாதவன்தான் கேட்கவேண்டும் என்று கத்தினேன். அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அதற்குமேல் வீறாப்பு காட்ட என் கையில் தெம்பு இல்லை. நான் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து சக்கரத்தை மடியில் வைத்துக்கொள்ள, கேம்ப் ரோடு பக்கம் கிரில் கேட் செய்யும் பட்டறைக்குப் போனோம். எங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி செய்துகொடுத்தவர் அந்தப் பட்டறைக்காரர்தான்.

“இன்னா சார், வண்டிய வுட்டுட்டு சக்கரத்த மட்டும் தூக்கினு வந்துகீறீங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்பேனரால் திருப்பினால் வேலைக்கு ஆகாது என்று சொல்லி, டூலை மேஜையில் பொருத்தியிருந்த வைஸ் இடுக்கியில் செங்குத்தாகக் கடிக்கவிட்டார். அதன்மேல் சக்கரத்தைப் படுக்கவைத்து, பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பினார். அசையவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மேஜைதான் ஆடியது.

“வெல்டிங் வெச்ச மாரி கீதே. யாரு சார் இத ஓட்றது?”

“நான்தான்” என்றாள் மனைவி.

“மேம்பாலம் ஏறுவீங்களாக்கா?”

“தெனமும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை.”

“அதான். மிதிக்க மிதிக்க இது உள்ள இறுகினே போவும்க்கா. நீங்க மிதிச்ச மிதிலதான் இப்டி புடிச்சிகினு கீது.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “அப்ப என்னாலதானா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

மிதிக்க மிதிக்க இறுகும் என்றால் மரை தலைகீழ் இல்லை. என் நிரூபணத்தில் ஒரு குறி மாறிப்போயிருக்கிறது. அந்தத் தப்புக்குத்தான் பரீட்சையில் இரக்கமே இல்லாமல் மார்க் குறைப்பேன். அவள் இரண்டு வருஷமாக இறுக்கியதைக் காலையில் நான் பைப் போட்டு மேலும் இறுக்கியிருக்கிறேன். பேசாமல் இருந்தால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் அப்படிக் கேட்டபிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

“பாதிக்கு நான்தான் காரணம். காலைல எதிர்ப்பக்கம் திருப்பிட்டேன்” என்றேன்.

“சரியாப்போச்சு போங்க சார்” என்றார் பட்டறைக்காரர். என் மனைவி ஒரு கணம் என்னை முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தமுடியாமல், அங்கே அடுக்கியிருந்த கிரில் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

சிரித்து முடித்து எழுந்து துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். “தள்ளுங்க” என்று என்னை நகர்த்திவிட்டு ரிம்மைப் பிடித்தாள். நான் எதிர்ப்பக்கம் போனேன். “மூணு பேரும் ஒரே தம்ல” என்றார் அவர். திருப்பினோம். ‘டொக்’கென்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் ஃப்ரீவீல் வைஸில் நிற்க, சக்கரம் எங்கள் கைகளில் லேசாகச் சுழன்றது.

வீட்டுக்கு வந்து புதுக் கம்பியைக் கோத்து, சக்கரத்தின் கோணலைச் சரிசெய்ய மதியம் முழுக்க ஆயிற்று. கடைசியில் மரைக்குக் கிரீஸ் தடவி, ஃப்ரீவீலைக் கையாலேயே திருகிவைத்தேன்.

“அவ்வளவுதானா? இறுக்க வேணாமா?” என்றாள்.

“நீ இறுக்கிக்கோ. பல்லாவரம் தாண்டறதுக்குள்ள இறுகிடும்.”

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஐந்து சைக்கிளும் கிளம்பின. அவள் முன்னால் போனாள். நான் காபி போட்டுக் குடித்துவிட்டு, டூலைத் துடைத்து, கழற்றும் திசைக்கு அதன் தலையில் பெயிண்டால் ஒரு அம்புக்குறி போட்டேன். எட்டு மணிக்குப் போனில் படம் வந்தது. குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஐந்து பேரும் வியர்த்து நின்றார்கள், நடுவில் அவள். பெருமையில் படத்தைப் பெரிதாக்கி இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு வாரம் தாங்காது என்று சொன்னவன் நான். இந்நேரம் அந்த ஃப்ரீவீல் பழையபடி இறுக ஆரம்பித்திருக்கும். இறுகட்டும்.