மில்லை ஒட்டிய மனை

பங்காரு அரிசி மில்லில் பாய்லர்காரன். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் இருந்தது அந்த மில். உமி அள்ளிப் போடும் ஆளாக வாலிபத்தில் சேர்ந்தவன், நாற்பதைத் தாண்டியபோது பாய்லரே அவன் பொறுப்பில் வந்திருந்தது. தலையில் ஈரத்துண்டும் எந்நேரமும் சிவந்த கண்களுமாகத் திரிவான். பணிந்து பேசவும் வராது, எதிர்த்துப் பேசவும் வராது. அப்படிப்பட்டவனை அவன் தெருக்காரர்கள் பஞ்சாயத்து போர்டு மெம்பராக்கிவிட்டார்கள். தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட பெரிய மனிதர் இருவர் அடித்துக்கொண்டதில், இருவருக்கும் வேண்டாம் என்று இவனை நிறுத்தினார்கள், ஜெயித்துவிட்டான். அதன்பிறகு கூட்டத்துக்குப் போவான், எல்லாரும் கை தூக்கும்போது தானும் தூக்குவான், திரும்பி வந்து பாய்லரைப் பார்ப்பான்.

1946ஆம் வருஷம் மழைக்காலத்தில் அந்தக் கையைத் தூக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு பழைய சத்திரம் இருந்தது. அதில் கெங்கம்மாள் என்கிற பள்ளிப்பட்டுக்காரி, நாதியற்ற கிழடுகளையும் நோயாளிகளையும் வைத்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு வரும் கூட்டத்தில் சில பேர் காவடியோடு வீட்டுக் கிழவனையும் கூட்டிவருவார்கள். போகும்போது காவடியை மட்டும் எடுத்துப் போவார்கள். அப்படி விட்டுப்போனவர்கள்தான் அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர். அந்த மழையில் சத்திரத்தின் பின்கட்டுக் கூரை இறங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். கெங்கம்மாள் போர்டுக்கு மனுக் கொடுத்தாள். ஸ்டேஷன் சாலையில் மில்லை ஒட்டிச் சும்மா கிடக்கும் மனையைத் தந்தால் அங்கே கொட்டகை போட்டுக்கொள்வதாகக் கேட்டிருந்தாள்.

ஆனால் அந்தப் பக்கத்து நிலத்தையெல்லாம் ஆலை, கிடங்கு போன்ற தொழில்களுக்கென்று போர்டு ஏற்கெனவே ஒதுக்கியிருந்தது. மிச்சமிருந்த அந்த ஒரு மனையில் மில் முதலாளி வேதாசலம் நெல் கிடங்கு கட்ட நினைத்திருந்தார். போர்டு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. இன்னும் வாய் திறக்காதவன் பங்காரு ஒருவன்தான்.

வேதாசலம் ஒரு காலையில் பாய்லர் பக்கம் வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். அனலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிடங்கு வந்தால் இன்னும் சில பேருக்கு வேலை கிடைக்கும், உன் தெரு ஆட்களையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். மிரட்டவில்லை. போகும்போது மட்டும், "யோசிச்சி செய், பங்காரு. நாளைக்கும் நீ இங்கதானே வரணும்" என்றார்.

பங்காருவுக்கு உறுத்தியது அந்தப் பேச்சு அல்ல. அவர் சொல்லாமலே அவனுக்கும் அதே எண்ணம் இருந்ததுதான். நாள் முழுக்க உமிச்சாம்பல் பறக்கிற இடம் அது. நெல் ஊறவைத்த தண்ணீரைத் திறந்துவிட்டால் நல்ல உடம்புக்காரனுக்கே குமட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக பாய்லர். இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்த பழைய பாய்லர் அது. ஏதாவது ஒன்று ஆனால் அவனால் ஓடித் தப்பிக்க முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவர்களால் முடியுமா? ஆனால் இதைச் சொல்லி வேண்டாமென்றால் முதலாளிக்கு வால் பிடித்தான் என்றுதான் ஊர் பேசும்.

கடைசியில் கெங்கம்மாளையே கேட்டுவிடுவது என்று சத்திரத்துக்குப் போனான். முன்கட்டில் எல்லாரையும் நெருக்கிப் படுக்க வைத்திருந்தாள். ஒரு பக்கம் கைகால் விழுந்துபோன மனிதர் ஒருவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு கிழவர் விடாமல் இருமினார். வாசற்படியில் ஒரு கிழவி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மகன் வண்டி பிடிக்கப் போயிருக்கிறான் என்று பங்காருவிடம் சொன்னாள். போன வருஷம் ஆடியிலிருந்து அதையேதான் சொல்கிறாளாம்.

பங்காரு தன் பயத்தையெல்லாம் சொன்னான். கெங்கம்மாள் கையை நிறுத்தவில்லை.

"சாம்பலு பறக்கும்னு எனக்குத் தெரியாதா, தம்பி? நாத்தம் அடிக்கும்னு தெரியாதா? ஜனங்க இருக்கற தெருவுல போயி கேட்டேன். உங்க தெருவுலயும் கேட்டேன். ஒருத்தரும் வுடல. மெஷினு வேணாம்னு சொல்லாது பாரு, அதான் அங்க கேட்டேன். வேற எந்தத் தெருவுல வுடுவாங்க, நீயே சொல்லு."

அவன் தெருவிலும் அவள் கேட்டுப்பார்த்திருந்தாள் என்பதை அப்போதுதான் அறிந்தான்.

போர்டு கூட்டத்தன்று கெங்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். பங்காருவின் முறை வந்தது. அவன் எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"மில்லு பக்கத்துல நோயாளிங்க வேணாங்க" என்றான். ஜன்னலில் கெங்கம்மாளின் முகம் மறைந்தது. வேதாசலத்தின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்தே பார்க்காத ஒன்று அப்போது அவன் வாயிலிருந்து வந்தது. "எங்க தெருவுல, எங்க ஊட்டாண்ட மனை இருக்குது. அதை நான் குடுக்கறேன். ஜனங்க இருக்கற எடத்துலியே இருக்கட்டும்."

அது போர்டு விஷயமில்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். மில்லை ஒட்டிய மனை வேதாசலத்துக்குப் போனது.

அவன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. அந்த மனை அவனுடையது அல்ல. அவன் மனைவி தமயந்திக்கு அவள் அப்பா கொடுத்தது. அடுத்த வீட்டில் குடியிருந்த அவள் தம்பி சின்னசாமி அதில் மாடுகளைக் கட்டிவந்தான்.

"யாரைக் கேட்டு குடுத்தே?" என்று மட்டும் கேட்டாள் தமயந்தி. அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு சோறு வந்தது, பேச்சு வரவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தான். எந்த முகத்தோடு சத்திரத்துக்குப் போவது என்று தெரியவில்லை. அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் தமயந்தியே அங்கே போய், வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அது அப்போது அவனுக்குத் தெரியாது.

மழை விடவில்லை. சத்திரத்து முன்கட்டுச் சுவரும் பிளந்தது. இனி ஒரு நாளும் அங்கே இருக்க முடியாது என்றானதும், கெங்கம்மாள் இரண்டு கட்டை வண்டிகளில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பங்காருவின் தெருவுக்கே வந்துவிட்டாள்.

தெருமுனையிலேயே வழியை மறித்துவிட்டார்கள். சின்னசாமி தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். அவன் பின்னால் தெருவே நின்றது. தூறிக்கொண்டிருந்தது. வண்டியில் கிழவர் இருமத் தொடங்கியதும் பெண்கள் பின்வாங்கிப் பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். வெறும் ஈளைதான் அது, மூச்சிரைப்பு, ஒட்டுகிற நோய் இல்லை என்று கெங்கம்மாள் சொல்லிப் பார்த்தாள், கேட்பாரில்லை. யாரோ ஒருவன் கையில் கல் இருப்பதைப் பங்காரு பார்த்தான். வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"பாவா, மொதலாளிக்கு மனையை வாங்கிக் குடுத்துட்டு, நோவை எங்க தலைல கட்றியா?" என்று சின்னசாமி கேட்டான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "மனை எங்க அக்காளுது. அவ குடுக்கறேன்னு சொன்னாளா, கேளுங்க."

தமயந்தி வாசலில்தான் நின்றிருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பங்காருவால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அவள் மனைக்குள் போனாள். தம்பியின் மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நனைந்தபடியே தெருமுனைக்கு வந்து, அவற்றைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"இதுங்கள உன் ஊட்ல கட்டிக்கோ, சின்னசாமி. எடம் வேணும்" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அவரு குடுக்கல. நான் குடுத்தேன்" என்றாள்.

மாடுகள் மழைக்கு மிரண்டு இழுத்தன. கயிற்றை விட முடியாமல் சின்னசாமி அவற்றின் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. அவன் நகர்ந்ததும் கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு ஆண்கள், மழையில் நிற்கிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே குறுக்கே நின்ற வண்டியைத் தள்ளி வைத்தார்கள். கல் வைத்திருந்தவன் அதை எப்போது கீழே போட்டான் என்று பங்காரு கவனிக்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கொட்டகை எழும்பிய பிறகும் தெருப் பெண்கள் கெங்கம்மாள் வருகிற நேரத்தில் கிணற்றடிக்கு வரமாட்டார்கள். சின்னசாமி வெகுகாலம் அக்காளோடு பேசவில்லை. வேதாசலம் கொட்டகைக்கு அவ்வப்போது நொய்யரிசி மூட்டை அனுப்பினார். பங்காரு அவருக்கு விலைபோனதற்கு அதுவே அத்தாட்சி என்றார்கள். திருப்பி அனுப்பச் சொன்னாள் தமயந்தி. கெங்கம்மாள் வாங்கிக் கஞ்சி காய்ச்சினாள். அடுத்த தேர்தலில் பங்காரு படுதோல்வி அடைந்தான். மில்லில் பாய்லர் வெடிக்கவும் இல்லை. பழுது பார்த்துப் பார்த்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் அவன் பயந்தது நியாயம்தான் என்று சொல்ல யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

கெங்கம்மாளே ஒருநாள் அதைச் சொல்லிக் குறைபட்டாள். தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பருப்பு வேகவில்லை என்ற எரிச்சலில் இருந்தாள்.

"அந்த எடமே தேவலாம் தம்பி. ஸ்டேஷன் கொழாயில நல்ல தண்ணி. ரயிலு எறங்கி வர்றவங்க ரெண்டு காசு போடுவாங்க. நீதான் பயந்துட்டே."

இருமுகிற கிழவரின் பாயை வெயிலுக்கு நகர்த்திப் போட்டுவிட்டு பங்காரு வீட்டுக்கு வந்து, கெங்கம்மாள் சொன்னதைத் தமயந்தியிடம் சொன்னான். அவள் சிரித்தாள். மில்லில் ஒரு கைவண்டி சும்மா கிடந்தது. மறுநாள் முதலாளியிடம் கேட்டு அதை எடுத்துவந்தான். வேலை முடிந்ததும் ஸ்டேஷன் குழாயில் பீப்பாயை நிரப்பித் தள்ளிக்கொண்டு வருவான். ஏற்றத்தில் தமயந்தி எதிரே வந்து பின்னாலிருந்து ஒரு கை கொடுப்பாள்.