வெள்ளை இடியாப்பம்

வெள்ளவத்தையில், ஒழுங்கை என்று இங்கே சொல்லும் எங்கள் சந்துக்குள் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஆட்டோ வரும். திருச்சியில் அப்படி வந்தால் தேர்தல் பிரசாரமோ சேலைத் தள்ளுபடியோ என்று நினைப்போம். இங்கே அதில் வருவது பாண். நாம் பிரெட் என்போமே, அது. நமக்குக் காய்ச்சல் வந்தால்தான் பிரெட். இங்கே பருப்புக்கறி சேர்ந்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு. என் ஆறு வயது மகள் ஆதிராவுக்குக் கோதுமையை நிறுத்திய நாளிலிருந்து, அந்தப் பாட்டுக் கேட்டதும் நான் சன்னலைச் சாத்திவிடுவேன்.

கணவருக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை என்று வந்தோம். இரண்டாம் வருடம் ஆதிராவுக்குக் காலையில் முழங்கால் மடங்காமல் போனது. வீங்கிச் சூடாக இருக்கும். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய் என்றார் மருத்துவர். வாரம் ஒரு மாத்திரை. அதைப் போட்ட நாளெல்லாம் வாந்தி. பிறகு மாத்திரை அட்டையைப் பார்த்தாலே அழத் தொடங்கினாள். அப்போதுதான் ஊரிலிருந்து அண்ணி வீடியோக்களாக அனுப்பினார். யாரோ கோதுமையை விட்டாராம், மூட்டுவலி போயிற்றாம். மருத்துவரிடம் கேட்டேன். சிலர் அப்படிச் சொல்கிறார்கள், இந்த நோய்க்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். கோதுமை ஒவ்வாத நோய் இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாம், ஆனால் நிறுத்துவதற்கு முன்பு பார்க்க வேண்டும் என்றார். தலையாட்டினேன். இன்னொரு ஊசி எதற்கு என்று வீட்டுக்கு வந்து நிறுத்திவிட்டேன்.

சப்பாத்தி, பிஸ்கட், பாண் எல்லாம் போயின. காலையும் இரவும் இடியாப்பம். கீழ்த்தளத்தில் இருக்கும் சிவமலர் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், வீட்டிலேயே பிழிந்து விற்கிறார். சிவப்பு, வெள்ளை இரண்டும் இருந்தன. நம் ஊர் இடியாப்பம் போல இருந்ததால் வெள்ளையைக் கேட்டேன்.

சில வாரங்களில் ஆதிரா மாடிப்படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறினாள். அடுத்த முறை மருத்துவரிடம் மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொல்லி அழுதேன். பிறகு அக்காவுக்கு நன்றி சொல்லப் போனேன்.

“கோதுமையை விட்டதுலதான் அக்கா. உங்க இடியாப்பம் மட்டுந்தான் குடுக்கிறேன்.”

அவர் கையிலிருந்த இடியாப்பம் பிழியும் உரலைக் கீழே வைத்தார். “தங்கச்சி, வெள்ளை இடியப்பம் கோதுமை மாவெல்லோ. அவிச்சு அரிச்சுத்தானே பிழியிறனான்.”

“அரிசி மாவு இல்லையா?”

“அரிசி சிவப்பு. நீங்கள்தானே வெள்ளை வேணுமெண்டு கேட்டனீங்கள்.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கோதுமையை விடுறதுக்குக் கோதுமை வாங்கிச் சாப்பிட்ட ஆக்கள் நீங்கள்தான்.” என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை.”

வீட்டில் கணவர், குணமாவதுதானே முக்கியம் என்றார். ஆனால் எதனால் குணமாகிறது என்று தெரியாமல் எதை நான் கைவிடாமல் பிடித்துக்கொள்வது?

நடந்ததைச் சொன்னபோது மருத்துவர் கோபிக்கவில்லை. கோதுமை நிற்காததால் பரிசோதனையை இப்போதே செய்யலாம் என்றார். கோதுமை ஒவ்வாத நோய் இல்லை என்று முடிவு வந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும், அந்த வாரங்கள்தான் இவை என்றார். குறைக்க முடியாது. அப்படியானால் கோதுமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா என்றேன். இந்த ஒரு குழந்தைக்கு ஆமென்றோ இல்லையென்றோ தன்னால் சொல்ல முடியாது என்றார். வழக்கம்போலச் சாப்பிடட்டுமாம். அம்மாவிடம் சொன்னபோது, கோதுமையையும் தின்று இவ்வளவு நடந்தாள் என்றால் நிஜமாகவே விட்டால் ஓடுவாளே என்றார். அந்தக் கணக்கை மறுக்கவும் தெரியவில்லை, நம்பவும் பயம்.

நேற்றுக் காலை, மாத்திரை போட்ட மறுநாள். திருச்சியிலிருந்து அம்மா வீடியோவில் வந்து, “புள்ள நடக்கிறாளாடி?” என்றார். பேசும்போதே கதவு தட்டும் சத்தம் கேட்டது. சிவமலர் அக்கா நான் கேட்காமலே சிவப்பு இடியாப்பம் கொண்டுவந்திருந்தார். பொட்டலத்தைத் தந்துவிட்டு உள்ளே எட்டிப்பார்த்து, “பிள்ளை நடக்கிறாளோ?” என்றார். அறையில், காலை எழும்போது மட்டும் முழங்கால் இன்னும் விறைத்திருக்கும் ஆதிரா கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்து, இறக்கிவிடச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். என் ஒரு கையில் அம்மாவின் முகம், மறு கையில் சூடு ஆறாத பொட்டலம். இரண்டில் எதை முதலில் கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.