விரலில் சுற்றிய கடல் நூல்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆரணியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கடல்வாழ் உயிரினங்களை நேரில் காட்ட விலங்கியல் டீச்சர் எங்களை மகாபலிபுரத்துக்கு அழைத்துப் போனார். கிளம்பும்போது அக்கா தன் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி என் விரலில் மாட்டிவிட்டாள். போட்டோவில் அழகாக இருக்குமாம். மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம். எனக்குக் கொஞ்சம் இறுக்கம்.

“அங்க எவளாவது இளிச்சிக்கினு வந்து பேசுவா, நம்பிடாத. மோதிரம் தொலஞ்சா கல்யாணமே நின்னுடும்டி” என்று பஸ் ஏறும்வரை அம்மா ஓதி அனுப்பினார்.

அதனால் கடலைப் பார்த்ததைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தேன். சங்கு மாலை விற்கும் ஓர் அம்மா எங்கள் பின்னாலேயே வந்தார். மாலை வேண்டாம் என்ற பிறகும் அவர் பார்வை என் விரலை விட்டு நகரவில்லை.

“மோதிரம் ரொம்ப டைட்டா கீதே, பாப்பா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, டீச்சர் நண்டு வளையைக் காட்டிக்கொண்டிருந்த பக்கம் நகர்ந்தேன்.

ஈர மணலில் மயில் கழுத்து நிறத்தில் மெல்லிய இழை ஒன்று நீளமாகக் கிடந்தது. எங்களுடையது பட்டு நெய்கிற வீடு. தரையில் இழை கிடந்தால் தாண்டிப் போகமாட்டோம். எடுத்து விரலில் சுற்றிக்கொள்வோம். பழக்கதோஷத்தில் அதையும் மோதிர விரலிலேயே சுற்றிக்கொண்டேன். கொதிக்கிற எண்ணெயில் விட்டதுபோல் விரல் எரிந்தது. அலறிவிட்டேன். அது ஜெல்லி மீன் போன்ற ஒரு உயிரியின் கொட்டும் இழை என்று சொல்லிக்கொண்டே, டீச்சர் குச்சியால் அதை எடுத்துப் போட்டுக் கடல் நீரை ஊற்றினார். அதற்குள் விரல் வீங்கி, மோதிரம் சதையில் புதைந்துவிட்டது.

“மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கணும்” என்றார் டீச்சர். அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சங்கு மாலை அம்மா வந்து என் கையைப் பிடித்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“குடும்மா, ஜல்தி!” என்று அதட்டினார். மாலை கோக்கும் நூலை மோதிரத்துக்கு அடியில் செருகி, விரலை நெருக்கமாகச் சுற்றினார். அடியில் செருகிய முனையைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் நகர்ந்து வெளியே வந்தது. ஆனால் என்னிடம் தரவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு விடுவிடுவென்று அலையை நோக்கி நடந்தார்.

“டீச்சர், மோதிரம்! அவங்கள புடிங்க!” என்று கத்தினேன்.

அவர் தண்ணீரில் குனிந்து, மோதிரத்தில் ஒட்டியிருந்த இழைத் துணுக்குகளை வெறும் விரலால் தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தார். என் தாவணி முனையில் மோதிரத்தை வைத்து முடிச்சுப் போட்டார்.

“வூட்டுக்குப் போறவரிக்கும் அவுக்காத.”

நான் முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது: போலியை மாற்றி வைத்திருந்தால்? கதையைக் கேட்ட அம்மாவுக்கும் அதே சந்தேகம். மறுநாள் காலையில் இருவரும் அதைச் செய்த நகை பத்தரிடமே போனோம். உரசிப் பார்த்து, “நான் செஞ்சதுதாம்மா இது, அதே தங்கம்” என்றார் அவர். அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

எனக்கோ அழுகை வந்துவிட்டது. முடிச்சுப் போட்டபோது சங்கு மாலை அம்மாவின் விரல்களிலும் சிவப்புக் கோடுகள் தடித்திருந்தன. பார்த்தேன், ஆனால் என் புத்தியெல்லாம் மோதிரத்தில் இருந்தது. அந்த எரிச்சலோடு அன்று ராத்திரி அவர் எப்படிச் சோறு பிசைந்து சாப்பிட்டாரோ என்று, முன்பின் தெரியாத யாரையாவது சந்தேகத்தோடு பார்க்கும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.