பட்டைக்கு ஒரு துணை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தேய்க்கிறவரை வாடிக்கையாளர் யாரும் பார்த்ததில்லை. அவர் தேய்த்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு ஊரே பேப்பர் படிக்கிறது. அவர் முகம்தான் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் நழுவினார். பிறகு பேச்சும் வரவில்லை. அம்மா போனபின் வீட்டில் அவரும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜாவது அவ்வப்போது முனகும்.

ஐம்பத்தொரு வயதில் அவருக்கென்று இருந்தது ஓட்டம் ஒன்றே. ஞாயிறு விடிந்தால் ஏரியைச் சுற்றி இருபது கிலோமீட்டர். முழங்கால் சவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனதில் அதுவும் நின்றது. மூன்றே மாதத்தில் வலது தொடை இளைத்து, பேண்ட் ஒரு பக்கம் மட்டும் தொளதொளத்தது.

பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு வழி சொன்னாள். தொடையின் மேற்பகுதியில் பட்டை கட்டி, காற்றடித்து, ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தபடி காலை நீட்டி மடக்க வேண்டும். காலில் கட்டும் எடை இரண்டு கிலோதான். தசையோ பெரிய பளுவைத் தூக்கிவிட்டதாக நம்பி வளரத் தொடங்கும். பளு ஆகாத முட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவள் கிளினிக்கில் இருக்கும் நேரமெல்லாம் அவருக்குக் கடை. பட்டை வீட்டுக்கு வந்தால்தான் உண்டு. இல்லையென்றால் ஓட்டத்துக்கு ஒரேயடியாக முழுக்குப் போட வேண்டியதுதான்.

"குடுத்துவிடறேன் சார். ஆனா முதல் ஒரு மாசம் பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். கால் மரத்துப்போனா, தலை சுத்தினா, அவங்கதான் காத்தைத் திறந்து விடணும்."

படிவத்தில் உடனிருப்பவர் யார் என்று ஒரு கட்டம். மனுஷன் கூசாமல் 'தம்பி' என்று எழுதினார். அவர் அம்மாவுக்கு ஒரே பிள்ளை.

"ரொம்ப நல்லது. வியாழக்கிழமை தம்பியைக் கூட்டிட்டு வாங்க, சொல்லிக் குடுத்துடறேன்."

வசமாக மாட்டிக்கொண்டார். யோசித்து யோசித்து நீலத்தொப்பிக்காரர் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். ஆறு வருடமாக ஏரியைச் சுற்றி இவருக்குத் தோளோடு தோளாக ஓடுகிறவர். மேட்டில் அவருக்கு எங்கே மூச்சு வாங்கும் என்பது வரை இவருக்கு அத்துப்படி. பெயர் மட்டும் தெரியாது.

ஞாயிறன்று கடைக்குப் போகிற சட்டையோடு வளைவில் நின்று கையை உயர்த்தினார். நீலத்தொப்பி வந்தது.

"கொஞ்சம் வழி விடுங்க சார்."

ஆளை அடையாளமே தெரியாதது இவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. அடுத்த சுற்றில் டாக்டர் சொன்னதையெல்லாம் காற்றில் பறக்கவிட்டு, நொண்டியபடியே கூட ஓடினார். நாலு எட்டு வைத்ததும் மற்றவர் திரும்பினார்.

"அட, நீங்களா! ஆளையே காணோமேன்னு பார்த்தேன். வாங்க வாங்க!"

"ஒரு உதவி வேணும்..."

அதற்குள் இருவருக்கும் நடுவே பத்தடி இடைவெளி விழுந்துவிட்டது. "அடுத்த வாரம் பேசலாம் சார்!" என்று குரல் மட்டும் வந்தது. அவர்மேல் கோபப்பட வழியில்லை. இந்த ஆறு வருடத்தில் இவர் மட்டும் யாருக்காக வேகத்தைக் குறைத்தார்?

வியாழனன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"தம்பி வரலையா?"

"இல்லம்மா."

"வெளியூரா?"

"தம்பின்னு யாருமே கிடையாதும்மா. சும்மா எழுதிட்டேன்."

"பரவால்ல சார், யாரா இருந்தாலும் சரி. பக்கத்து வீடு, கடையில கூட இருக்கறவங்க..."

அவர் நிஜமாகவே யோசித்தார். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்து, வேண்டாம் என்று தள்ளினார்.

"யாருமில்லம்மா."

வாய்விட்டு அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அவமானமாக இருந்தது. அவளுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அப்போ வீட்டுக்குக் குடுக்க முடியாது சார். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிம்மா."

"வந்ததுக்கு இன்னிக்கு ஒரு தடவை செஞ்சிட்டுப் போங்க."

பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். கால்விரல் நகத்தை அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். முதலில் முப்பது. பிறகு பதினைந்து, இன்னொரு பதினைந்து. தொடை தீயாக எரிந்தது. கடைசிப் பதினைந்தும் முடிந்தது.

"போதும் சார்."

அவர் காலை மறுபடி நீட்டினார். அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பதினாறு" என்றாள்.