வட்டரங்குக்குப் போகும் வழியில் ஆறு காப்பி

நஸ்மிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. துறைமுகத்தில் நாற்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். கப்பலையே தூக்கி வைப்பார், ஒரு காப்பியைத் தள்ளி வைக்கமாட்டார். எங்கள் துரஸ் நகரத்தில் ஒருவர் கூப்பிட்டுக் குடிக்காமல் போனால், அவர் பேரன் காலத்திலும் சொல்லிக்காட்டுவார்கள்.

அவர் தங்கை சானியே மலையூரில் சரித்திர டீச்சர். ரோமர்கள் சிங்கச் சண்டை பார்க்க இங்கே கட்டிய வட்டரங்கைப் பற்றி முப்பது வருஷம் பாடம் நடத்தியவள், கண்ணால் கண்டதில்லை. அடுத்த மாதம் ஓய்வு. “ஒரு தடவையாவது சிங்கம் வந்த வாசல்ல நிக்கணும்ணா” என்று பத்து மணிக்கே வந்து இறங்கினாள். அரங்கை நாலு மணிக்குப் பூட்டுவார்கள். கடைசி வண்டி ஐந்துக்கு.

நஸ்மி வீட்டுக்கும் அரங்குக்கும் கூப்பிடு தூரம். எல்லோரும் கூப்பிட்டார்கள்.

முதலில் முடிவெட்டும் கடை. இரண்டாவது, மண்ணில் புதைந்த அரங்கின் ஒரு மூலைமேல் கட்டிய என் வீடு. என் அடுப்படிக்குக் கீழே ஒரு சிங்கம் ராத்திரிகளில் இருமுவதை நான் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. மூன்றாவதும் நான்காவதும் கல்யாண வீடு: பெண் வீட்டில் குடித்தால் பிள்ளை வீட்டிலும் குடிக்க வேண்டும். ஐந்தாவது மருந்துக்கடை.

“அண்ணா, ரோமர்களே இதைவிடச் சீக்கிரம் வந்து சேர்ந்திருப்பாங்க” என்றாள் சானியே.

“கோவிச்சுக்காதம்மா. அவங்களுக்கு இங்க யாரையும் தெரியாதுல்ல.”

அரங்கின் வெளிக்கதவை அடைந்தபோது மூன்றரை. காவலாளி லுவான், நஸ்மியோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவன்.

“நஸ்மியண்ணன் தங்கச்சியா? காப்பி குடிக்காம உள்ள விட்டா நான் மனுஷனா?” என்று கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, எதிர்க்கடைக்கு இழுத்துப் போனான். கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் கற்படிகள் தெரிந்தன. சிங்கம் வந்த வாசல் மட்டும் தெரியவில்லை.

“தம்பி, நாலாகப் போகுது.”

“நமக்குள்ள என்னக்கா மணி? நான் திறந்துவிடுறேன். நீங்க மெதுவா குடிங்க.”

மெதுவாகவே குடித்தார்கள். லுவான் தன் முழங்கால் வலியைச் சொன்னான், நஸ்மி தன்னுடையதைச் சொன்னார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும் என்ற நிலையில் சானியே எழுந்தாள். காலையில் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

“அடுத்த தடவை காப்பி ஆகாதுன்னு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வர்றேன்.”

“அதுக்கென்னக்கா, மலைத் தேநீர் குடிப்போம்” என்றான் லுவான்.

ஓடிப்போய் வண்டியில் ஏறினாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “சானியே டீச்சரா? என் மகனுக்குப் பாடம் சொன்னவங்களாச்சே. வழியில நிறுத்துறேன், என் காப்பி ஒண்ணு குடிக்கணும்.”

சானியே தலைத்துணியை முகத்தில் இழுத்துவிட்டுத் தூங்குவதுபோல் சாய்ந்தாள். உள்ளே போன ஆறு காப்பியும் ஊர் வரை அவளைக் கண்மூட விடவில்லை.