கழற்றி வைத்த சக்கரம்

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கி சாய்ந்தாலும் வண்டியைத் தாங்கட்டும் என்று, கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்க வைத்திருந்தேன். எதற்கென்று மனைவியிடம் சொல்லித் தொலைக்கவில்லை.

நான் ஸ்பேனர் எடுக்க உள்ளே போனபோது, பூஜைக்காக மற்ற சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் அதையும் வெளியே இழுத்துக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தவன், சக்கரம் இருக்கிற தைரியத்தில் பார்க்காமலேயே கையை அடியில் விட்டேன். கழுவிய தண்ணீரில் மண் ஊறியிருந்தது. ஜாக்கி சாய்ந்தது.

வலது கை இருக்கிறது. விரல்கள் மடங்காது. இனியும் மடங்காது என்று தில்லைநகர் டாக்டர் சொல்லிவிட்டார். அவள்தான் ஊட்டுகிறாள்.

ஒருநாள் ஊட்டும்போது கேட்டாள்: "ஏங்க, அந்த டயரு அங்கயே கெடந்திருந்தா வண்டி எறங்கியிருக்காதுல்ல?"

"அதெல்லாம் தாங்காது. எடமில்லாம சும்மா அங்க போட்டிருந்தேன்" என்றேன்.

அவள் அடுத்த வாயை ஊட்டினாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

இந்த வருஷ பூஜைக்குக் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மூன்று சக்கரங்களுக்கு மட்டும்.