மூடிமேல் ஒரு தம்ளர் தண்ணீர்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது விசாரித்தால் முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவேன். பதினொன்று. ஹாலில் நான்கு, படுக்கையறையில் இரண்டு, பால்கனியில் மூன்று, சமையலறை வாசலில் ஒன்று. மீதி ஒன்று எங்கே என்று குளிக்கப் போனால் தெரிந்துவிடும். எல்லாமே மேலே மூடி திறக்கிற பழைய காலத்து வாஷிங் மெஷின்கள். அக்கம்பக்கத்தில் அவருக்குத் தொட்டிக்காரர் என்றே பெயர்.

பிழைப்புக்கு அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். ஒரு மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடுமாம். முப்பது வருஷமாக அந்த மயிரிழையைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவார்.

இந்தக் கிறுக்கு எப்படி ஆரம்பித்தது என்று கேட்பார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனபோது பச்சை நிற மெஷின் ஒன்றைப் படிக்கட்டுப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நல்ல மழை. இவர் ஜன்னலில் நின்றுகொண்டு, “பாவம், நனையுதே” என்றார். “நனையறதுக்குத்தானே அதைச் செஞ்சாங்க” என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கீழே போய்விட்டார். பச்சை உள்ளே வந்தது, பின்னாலேயே ஒவ்வொன்றாக மற்றவையும் வந்தன.

அவர் எதற்கும் பெயர் வைக்க மாட்டார். நான் வைத்திருக்கிறேன். சத்தம் மட்டும் போட்டு வேலையே செய்யாத நீலத்துக்கு மேனேஜர் என்று பெயர். கிளம்பறேன், கிளம்பறேன் என்று அரை மணி நேரம் முனகிவிட்டு அப்படியே நின்றுவிடுகிற வெள்ளைக்குச் சித்தப்பா. எங்கள் சித்தப்பாவைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஒரு மெஷினைச் சரிசெய்து முடித்ததும் அவருக்கு ஒரு பரீட்சை உண்டு. ஆறு வெள்ளைத் துண்டுகள் வைத்திருக்கிறார், எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. என் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்து, தொட்டிக்குள் சுற்றிவரப் பூ அடுக்குகிற மாதிரி அடுக்குவார். மூடியின்மேல் தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் தண்ணீர். உள்ளே தொட்டி வேகமாகச் சுழன்று துணியைப் பிழிந்து முடிக்கிறவரை அந்தத் தம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினால் மறுபடியும் முதலிலிருந்து பிரிப்பார்.

இவ்வளவு மெஷின் இருக்கிற வீட்டில் நான் துணி துவைப்பது வாளியில். ஆமாம், வாளியில்தான். “தினசரி ஓட்டினா தேஞ்சிடும்மா” என்பார். “நான் தேய மாட்டேனா?” என்று கேட்டிருக்கிறேன். உடனே அவருக்கு ஏதாவது ஒரு நட்டை இறுக்குகிற வேலை வந்துவிடும்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சரக்கு ஆட்டோவில் ஒரு மெஷினை ஏற்றிக்கொண்டு ஒரு பெண் வந்து இறங்கினாள். நாற்பது வயது இருக்கும், யூனிபாரம் போட்டிருந்தாள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். கடைசிவரை அவளை டிரைவர் என்றே கூப்பிட்டோம், அவளும் அதற்கே பழகிவிட்டாள்.

“சார், இதை ஓட வைக்க முடியுமா?” என்று கேட்டாள்.

கிரீம் நிறம், மூலையெல்லாம் துரு, ஒரு கால் இல்லை. இவர் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். வெளியே வந்தபோது அந்த முகத்தைப் பார்க்கணுமே. எங்கள் கல்யாணத்தன்றைக்குக்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“உங்களோடதா?”

“எங்க அம்மாவோடது. வாங்கி முப்பத்தாறு வருஷம் ஆச்சு.”

டீ கொடுத்து உட்காரவைத்தேன். கொட்டித் தீர்த்துவிட்டாள். ஒரு வருஷமாக அம்மாவுக்கு ஞாபகம் நழுவுகிறது. அப்பா உயிரோடு இல்லை. பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டி வந்துவிட்டாள்.

“காலைல நல்லாத்தான் இருப்பாங்க. மத்தியானம் ரெண்டரை ஆனா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. வீட்ல மெஷின் ஓடிட்டிருக்கு, நான் போய் உட்காரணும்பாங்க.”

“எது மேல உட்காரணும்?” என்று கேட்டேன்.

“மெஷின் மேலதான். பிழியும்போது அது நடக்கும்க்கா. தட்டுத் தட்டுன்னு சத்தம் போட்டுட்டு வாசல் வரைக்கும் வரும். அம்மா ஏறி உட்கார்ந்து அடக்குவாங்க. சின்ன வயசுல என்னையும் தூக்கிப் பக்கத்துல வெச்சுப்பாங்க.”

டிரைவருக்கு வேலை மூன்று மணிக்கு. ரெண்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ஆகும். அவள் புருஷன் வேலை முடிந்து வர நாலரை. நடுவில் இரண்டு மணி நேரம் அம்மா தனியாக இருக்கிறாள். போன மாதம் கதவைத் திறந்துகொண்டு போயேவிட்டாளாம். மூன்று தெரு தள்ளி, பெரிய ரோட்டின் நடுவில், இவளுக்குத் தெரிந்த வேறொரு டிரைவர் பஸ்ஸை நிறுத்திக் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

“வெளில பூட்டிட்டுப் போங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. பூட்டு வாங்கிட்டேன், பைலயே இருக்கு. பெத்த அம்மாவை வெச்சுப் பூட்ட மனசு வரல. மெஷின் கண்ணு முன்னாடி நின்னா எங்கயும் போகாம இருப்பாங்களோன்னு ஒரு நப்பாசை.”

ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார் இவர். தொட்டியைத் தாங்குகிற ஸ்பிரிங்குகள், பெல்ட், அடியில் நாலு ரப்பர் கால் என்று எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். துருவைச் சுரண்டிவிட்டு அதே கிரீம் நிறத்தைக் கலந்து அடித்தார். தொட்டிக்கடியில் மூன்று பட்டன், ஒரு கொண்டை ஊசி, விரல் தடிமனுக்கு ஒரு நட்டு கிடைத்தன. நட்டைப் பார்த்ததும் டிரைவர், “அப்பா பாக்கெட்லேருந்து விழுந்திருக்கும். பஸ் டிப்போல மெக்கானிக்கா இருந்தார்” என்றாள். கழற்றிய பழைய சாமான்களையும் இவர் தகர டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டி வைத்தார். இவர் எதைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறார்?

தம்ளர் பரீட்சையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. தண்ணீரில் ஒரு வளையம்கூட எழும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

டிரைவர் வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். நானும் கூடப் போனேன், அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு, கூர்மையான கண். மெஷினைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். இவர் துண்டுகளை அடுக்கி, தம்ளரை வைத்து, ஓடவிட்டார். மெஷின் பூனை உறுமுகிற மாதிரி ஓடியது. அம்மா மூடிமேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“நல்ல மெஷின் தம்பி. யாரோடது இது?” என்று கேட்டாள்.

“உங்களோடதும்மா.”

“என்னோடது வீட்ல ஓடிட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். அன்றைக்கு டிரைவர் லீவு போட்டிருந்ததால் பிழைத்தது. வாசலில் அம்மாவும் மகளும் பைக்காக இழுபறி நடத்தினதை என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெஷின் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆட்டோவில் வரும்போது இவர் மூடிமேல் கையை வைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், “ரொம்ப நல்லா பண்ணிட்டேன் போல” என்று மட்டும் சொன்னார். கெட்டதை நல்லதாக்கத் தெரிந்தவர், இப்போது நல்லதை மறுபடி கெட்டதாக்க வேண்டும். இப்படி ஒரு வேலையை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கும் உள்ளூர ஆவல் வந்துவிட்டது. மெஷின் எப்படி நடக்கும்? எதற்காக நடக்கும்?

டப்பாவைத் திறந்து பழைய ஸ்பிரிங்குகளை மாட்டினார். ஓடியது, நடக்கவில்லை. பழைய ரப்பர் கால்களைப் போட்டார். தம்ளரில் மெல்லிய வளையம் தெரிந்ததோடு சரி. ஒரு காலுக்கடியில் மரத்துண்டு வைத்தார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நகர்ந்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். கடலைப் பருப்பு அளவுக்கு நகர்ந்திருந்தது. அதற்கே என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார்.

சத்தம் சரியா என்று கேட்க டிரைவர் இரண்டு தடவை வந்தாள். சாப்பாட்டு மேஜையில் உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள். ஒரு கனமான தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு கனமான தட்டு. மெஷின் கடகடவென்று நடுங்கியதே தவிர அப்படித் தட்டவில்லை.

இரண்டாம் தடவை அவள் சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். “விட்டுடுங்க சார். நீங்க இவ்ளோ செஞ்சதே பெரிசு. நேத்தும் கதவு வரைக்கும் போயிட்டாங்களாம். திங்கக்கிழமைலேருந்து பூட்டிடறேன்.”

இவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டமாக இருந்தால் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். குளியலறைக்குப் போய் வாளித் துணியை அடித்துத் துவைக்க ஆரம்பித்தேன். போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்ததில் வாளி சாய்ந்து என் காலில் தண்ணீரைக் கொட்டியது. திட்டிக்கொண்டே நிமிர்த்தினேன். நிமிர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தேன். “ஏங்க, இத்தனை நாளா இதுக்குள்ள என்ன போட்டு ஓட்டினீங்க?”

“துண்டுதான்.”

“அந்த ஆறு துண்டா? எடை போட்டு, அடுக்கி?”

“ஆமா.”

“எந்த வீட்ல பொம்பள அப்படித் துவைப்பா? ஜென்மத்துல ஒரு நாளாவது நீங்க அழுக்குத் துணி துவைச்சிருக்கீங்களா?”

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் என்னைப் பார்த்தாள்.

“உங்கம்மா தொட்டிக்குள்ள துணியை எப்படி அடைப்பாங்க?” என்று அவளைக் கேட்டேன்.

யோசித்தாள். “தெரியலக்கா. எங்களைக் கிட்டயே விட மாட்டாங்க.”

சரிதான். இத்தனை நாள் மூன்று பேரும் மெஷினின் வயிற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தோம், துவைத்த கை எப்படித் துவைத்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த அம்மாவையே துணியைப் போட விடலாம் என்றேன். “இது என்னோடது இல்லைன்னாங்களேக்கா” என்றாள் டிரைவர். “மெஷினைப் பத்தி மூச்சே விடாத. அழுக்குக் கூடையை மட்டும் கைல கொடு” என்றேன்.

இவர் ஒரு பிடிவாதம் பிடித்தார். தேய்ந்த ஸ்பிரிங்கோடு ஒரு மெஷினை வெளியே அனுப்ப மாட்டாராம். புதியவற்றையே மறுபடி மாட்டினார். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு மெஷினோடு டிரைவர் வீட்டில் இருந்தோம். அவள் யூனிபாரத்தில் வேலைக்குத் தயாராக நின்றாள். கூடையை அம்மா முன்னால் வைத்து, “அழுக்கு சேர்ந்து போச்சும்மா” என்றாள்.

அம்மா தரையில் உட்கார்ந்து துணிகளைப் பிரித்தாள். அந்த விரல்களில் ஒரு தடுமாற்றமும் இல்லை. வெளுத்தது ஒரு பக்கம், சாயம் போவது ஒரு பக்கம். கூடையின் அடியில் டிரைவரின் யூனிபாரம் மூன்று செட்டு இருந்தது, தடித்த துணி. அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“இன்னைக்கு எஞ்சின் கழட்டியிருப்பார்” என்றாள்.

அவள் ஒரு தலையணை உறையை உதறி, மூன்று செட்டையும் அதற்குள் திணித்து, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். “கிரீஸு பொல்லாதது. பிள்ளைங்க துணில ஒட்டினா போகவே போகாது” என்று எனக்கு விளக்கினாள். மற்றதையெல்லாம் தொட்டியில் பரப்பிவிட்டு, அந்த மூட்டையை ஒரே பக்கமாக வைத்து அமுக்கி மூடினாள்.

இவர் என் முழங்கையைப் பிடித்தார். முப்பத்தாறு வருஷ மெஷினில் ஒரு கோளாறும் இருந்ததில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பழக்கதோஷம், தம்ளரை நிரப்பி மூடிமேல் வைத்தார்.

துவைத்து, அலசி, பிழியத் தொடங்கியது. முதலில் ஒரு முனகல். பிறகு கனமாக ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு தட்டு. தம்ளர் தளும்பி மூடியெல்லாம் தண்ணீர். புதுக் காலோடு மெஷின் சுவரை விட்டு ஒரு அடி எடுத்து வைத்தது. டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யார் இங்க தண்ணிய வெச்சது?” என்று கேட்ட அம்மா, தம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தாள். காலித் தம்ளரை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். பக்கத்து முக்காலியில் கால் வைத்து ஏறி மூடிமேல் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் அடங்கியது.

இப்போதெல்லாம் தினமும் ரெண்டு மணிக்கு அந்த வீட்டில் துணி துவைக்கப்படுகிறது. அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் துவைக்கப்படுகிறது. பிழிந்து, உலர்த்தி, மடித்து முடிப்பதற்குள் மருமகன் வந்துவிடுகிறார். மூன்று செட்டு யூனிபாரமும் வெளுத்துப் போய், டிப்போவில் அவளைக் கேலி செய்கிறார்களாம். நான் இன்னும் வாளியில்தான் துவைக்கிறேன், ஆனால் போர்வையை மட்டும் இவர் பிழிந்து கொடுக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை சுவர்க் கடிகாரம் ரெண்டரையைத் தாண்டியது. டிரைவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போவதா வேண்டாமா என்று கதவருகே நின்றாள். பைக்குள் பூட்டு இருந்தது. மெஷின்மேல் ஆடிக்கொண்டே அம்மா அவளைப் பார்த்தாள்.

“இன்னும் ஏன் நிக்கற? வேலைக்கு நேரமாகல?”

“நீ... எங்கயும் போக மாட்டியேம்மா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா கேட்ட போ. இதை ஓடவிட்டுட்டு நான் எங்க போவேன்?”

டிரைவர் பையிலிருந்து பூட்டை எடுத்து அலமாரிமேல் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனாள்.